அந்தப் பத்தி இருக்கும்

டிசம்பர் 29

வருடக் கடைசி வலைப்பதிவுக்காக எண்ணிப் பார்த்தேன். முடித்த புத்தகங்கள் பதினாறு. பாதியில் தூக்கிப் போட்டவை ஏழு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுதிய பதிவுகள் ஐந்து, இரண்டு வெறும் புலம்பல். முடித்த வீடியோ கேம் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றைப் பற்றி எழுதுவதா? அதை விட்டால் இந்த வருடத்தில் எழுத என்ன மிச்சம்?

ஜனவரி 1

காலையிலேயே பதிவை ஏற்றிவிட்டேன். நடந்ததை நடந்தபடி.

பிப்ரவரியில் என் கணவர் இறந்த மூன்றாம் நாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓநாய்களைச் சுட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடிய கேம் அது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் ஒரு பனிப்பாலத்தில் நிறுத்தி வைத்திருந்தார். திறந்தால் அவருடைய ஆள் அங்கேயே நிற்கிறான், தோளெல்லாம் பனி. இரண்டு கன்ட்ரோலரையும் மாற்றி மாற்றிப் பிடித்து, அவனையும் என்னையும் அக்கரை சேர்த்தேன். அதன் பிறகுதான் கூடத்துக்கு வந்தேன்.

ஜனவரி 2

மகள் போனில் பேசினாள்.

"அப்பா செத்த மூணாம் நாள் கேம் ஆடினேன்னு தம்பட்டம் அடிக்கணுமாம்மா? உன் மாப்பிள்ளை ஆபீஸ்ல எல்லாரும் படிச்சுட்டாங்க. மனுஷன் தலைகாட்ட முடியல. அந்தப் பத்தியை மட்டும் எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

"அன்னிக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அம்மா தூங்குறாங்கன்னு சொன்னேன். இப்ப என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டே."

வைத்துவிட்டாள்.

ஜனவரி 3

எடுக்க மாட்டேன். எடுக்க மாட்டேன். எடுக்கவே மாட்டேன்.

ஜனவரி 5

ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறைக்கு இன்று நாற்பது பேர். மூச்சை இழுங்க, அசையாதீங்க, விடுங்க — நாளெல்லாம் இதே மூன்று கட்டளை. எலும்பு டாக்டர் வாசலில் நின்று சிரித்தார்.

"மேடம், ஓநாய் சுடுறது நீங்கதானாமே?"

"ஆமா டாக்டர். ஓரமா நில்லுங்க, குறி தப்பாது."

சிரிப்பு நின்றது. நல்லது.

மத்தியானம் அக்கா. "அம்பத்தாறு வயசுல என்னடி இந்தச் சின்னப்புள்ள விளையாட்டு? வந்தவங்க முன்னாடி உக்காந்து ரெண்டு சொட்டு அழுதிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

அழவில்லை என்று யார் சொன்னது? அழுதுகொண்டேதான் சுட்டேன். பார்க்க ஆள் வைத்துக்கொண்டுதான் அழணுமா? என்ன நியாயம்டி இது!

ஜனவரி 8

அக்காவும் டாக்டரும் கிடக்கட்டும். மகள் சொன்னதுதான் முள்ளாய்க் குத்துகிறது. அன்று கூடத்தில் என்ன நடந்தது என்று நான் ஒரு தடவையாவது கேட்டேனா? செத்தது அவளுக்கு அப்பா. தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, ஒரே கேள்விக்கு ஐம்பது முறை பதில் சொல்லி — அவளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்ததா?

நியாயம் அவள் பக்கமும் இருக்கிறது. அதற்காக என் பக்கத்தை அழிப்பேனா? மாட்டேன். அதே பத்தியின் கடைசியில் சேர்த்தேன்: கூடத்தைத் தனியாளாகத் தாங்கி, எனக்காகக் கதவை காத்து நின்றவள் என் மகள் என்று. அவளிடம் சொல்லவில்லை. படித்தால் படிக்கட்டும்.

ஜனவரி 12

போன் இல்லை. நானும் பேசவில்லை. புதுப் புத்தகத்தில் எழுபது பக்கம்.

ஜனவரி 16

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மகளிடமிருந்து குறுஞ்செய்தி.

"புதுசா சேர்த்த வரியில 'கதவை'க்கு அப்புறம் ஒரு 'க்' விட்டுப்போச்சு. திருத்திடும்மா."

ஒரு காலில் செருப்போடே பதிவைத் திறந்தேன்.

திருத்தினேன். அதை மட்டும்.