பயண நோக்கம்: அம்மாவின் அடக்கம்

ஹெலினா நகரம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப்போகிறேன், கவலைப்படாமல் படியுங்கள்.

மத்திய அரசு மானியத்தில் வாங்கிய கிராமப் பேருந்துகளைப் பற்றிய தணிக்கை விசாரணை என் பள்ளிக்கு எதிர்க் கட்டடத்தில் நடந்தது. யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதால் போனேன். நீங்கள் ஓட்டும் வேனின் எண்ணையும் வாசித்தார்கள். பனிப்புயலில் சவ வண்டி வராததால் அம்மாவை அதில்தானே கல்லறைக்குக் கொண்டுபோனோம். அது சொந்தத் தேவையாம். மானிய வண்டியை அதற்கு எடுக்கக் கூடாதாம்.

பயணப் பதிவேட்டை எப்போதும் என்னைத்தான் எழுதச் சொல்வீர்கள். அன்றும் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘அம்மாவின் அடக்கம்’ என்று நான்தான் எழுதினேன். எழுந்து நின்று அதைச் சொன்னேன்.

தணிக்கை அதிகாரி ஹாகன் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீயா எழுதின, கண்ணு? அதைச் சும்மா விட்டிருந்தா நாங்க கண்டே பிடிச்சிருக்க மாட்டோமே.”

“எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாதுன்னு மேலயே போட்டிருந்துதுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை.

வரும் திங்கட்கிழமை வேன் வேறு மாவட்டத்துக்குப் போகிறது என்று முடிவு சொன்னார்கள். உங்களுக்கு இனி வேலை இல்லை என்று அவர்கள் எழுதுவார்கள். அதற்குமுன் என் கடிதம் வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் விடுதியிலிருந்து நான் ஊருக்கு வர அந்த வேனை விட்டால் வேறு வண்டி கிடையாது. அதனால் அம்மாவின் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையை அஞ்சலில் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். பதிவேட்டை என்னிடம் கொடுத்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், அப்பா.

விசாரணைக் கூடத்தைப் பூட்டக் காவலாளி வாசலில் காத்திருக்கிறார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்; வாசல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மாரிட்