தடைக்காலத்தில் எடுத்த கணக்கு

அனுப்புநர்
கோ. பச்சமுத்து (வயது 34),
விசைப்படகுத் தொழிலாளி,
மணவாளன்குப்பம், மரக்காணம் வட்டம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: மணவாளன்குப்பம் அங்கன்வாடி மையத்தை மூடும் உத்தரவு – பிள்ளைகளை மறுபடி எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இந்த மனுவில் நான் குற்றம் சொல்வது என்னையும் எங்கள் குப்பத்துத் தகப்பன்மார்களையும்தான். அதிகாரிகள் மீது குறை ஏதுமில்லை.

1. எங்கள் ஊர்ப் பால்வாடிப் பதிவில் 23 பிள்ளைகள் உள்ளனர். நாங்கள் விசைப்படகில் போனால் கரை திரும்ப ஐந்தாறு நாளாகும். பெண்கள் பிள்ளைகளைப் பால்வாடியில் விட்டுவிட்டுக் கூடையோடு திண்டிவனத்துக்கு மீன் விற்கப் போவார்கள். என் மனைவி பவுனும் அப்படித்தான், எங்கள் மூன்று வயது மகள் ஷாலினியை விட்டுவிட்டுப் போவாள்.

2. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், நாங்கள் வீட்டில். தகப்பன் வீட்டிலிருக்கும்போது பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பினால் எங்கள் பக்கம் கேவலம். "அப்பன் குத்துக்கல்லாட்டம் வூட்ல குந்திக்கினு இருக்கான், புள்ள பால்வாடியில சோறு துன்னுது" என்பார்கள். அதனால் வருடாவருடம் இந்த இரண்டு மாதமும் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வோம். பணியாளர் கலைப்பிரியா வீடு வீடாக வந்து கேட்டார். "எம் புள்ளய நான் பாத்துக்க மாட்டனா?" என்று நானே அவரைத் திருப்பி அனுப்பினேன்.

3. ஏப்ரல் 24ஆம் தேதி ஆய்வுக்கு வந்தவர்கள் கண்டது மூன்றே பிள்ளைகள். மூன்றும் தகப்பனைக் கடலில் பறிகொடுத்தவை. வருகை குறைவு என்பதால் ஜூன் 16 முதல் மையத்தை மூடி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப்பக்கம் உள்ள மையத்தோடு சேர்ப்பதாக உத்தரவு வந்துள்ளது. அந்தச் சாலையைப் பெரியவர்களே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறோம்.

4. பிள்ளை வீட்டிலிருப்பது நல்லதா, பால்வாடியிலிருப்பது நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. முன்பெல்லாம் என்னைக் கண்டாலே அழுத ஷாலினி இப்போது என் மார்பில் படுத்துத்தான் தூங்குகிறாள். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனால் பகலில் வலை சீர்செய்துகொண்டே பிள்ளை பார்த்ததில் இரண்டுமே உருப்படவில்லை. செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். அவளோ தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு, "டீச்சர்கிட்ட போலாம்பா" என்றாள். பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

5. உத்தரவைக் கேட்ட அன்று பவுனு என்னிடம் சொன்னதை உள்ளபடி எழுதுகிறேன்: "கடலுக்குப் போவச்சொல்ல புள்ளய படகுல கட்டிக்கினு போவியா? இல்ல, நான் கூடய கவுத்துட்டு வூட்ல குந்தணுமா?" பத்து வருடமாகக் குடும்பத்தில் பாதிப் பாரத்தைச் சுமப்பது அவள் கூடைதான். அவள் விருப்பப்பட்டு வீட்டிலிருந்தால் அது வேறு. என் வீம்பால் அவள் முடங்கினால் அது பாவம். அந்த மூன்று பிள்ளைகளின் தாய்மாருக்கோ, வீட்டில் பார்த்துக்கொள்ள இரண்டு மாத அப்பன்கூடக் கிடையாது. எங்கள் கௌரவத்தால் அவர்கள் சோற்றில் மண் விழுந்துவிட்டது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

6. அடுத்த தடைக்காலத்தில் ஒரு பிள்ளையையும் நிறுத்த மாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்து, என்னையும் சேர்த்து இருபது தகப்பன்மார்கள் இந்த மனுவின் பின்பக்கத்தில் கையெழுத்திட்டுள்ளோம்.

ஆகவே அய்யா அவர்கள் 16ஆம் தேதி பூட்டோடு ஆளை அனுப்பினாலும், பூட்டுவதற்கு முன் ஒருமுறை பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுமாறு பணிந்து வேண்டுகிறேன். தடைக்காலம் முடிந்து 15ஆம் தேதி விடியுமுன் படகுகள் கிளம்பிவிடும். பரிந்து பேச 16ஆம் தேதி எங்களில் ஒருவரும் கரையில் இருக்க மாட்டோம். பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் வாசலில் நிற்பார்கள்.

இடம்: விழுப்புரம்
நாள்: 09.06.2025

இப்படிக்கு, தவற்றை ஒப்புக்கொள்ளும்
கோ. பச்சமுத்து
(ஷாலினியின் தகப்பன்)