அக்கா வீட்டுத் தொட்டித் தண்ணீர்

5-8-86, செவ்வாய்

ஆடிக் காற்று. பூச்சிமருந்து லேப் ஜன்னல் இரண்டும் படபட. நைட்ரஜன் சிலிண்டர் மாற்றினேன், ஒற்றை ஆளாக. நான் உருட்டி வைக்காவிட்டால் கேஸ் மிஷினுக்கு மூச்சு ஏது? திண்டுக்கல்லில் அதை என்னைப்போல் அறிந்தவன் கிடையாது. பதவி என்னவோ அட்டெண்டர்.

மதியம் அக்கா, ரெட்டியார்சத்திரத்திலிருந்து. அழுது வீங்கிய முகம். சினைப்பசு நேற்று தண்ணீர்த் தொட்டியோரம் விழுந்து செத்துவிட்டதாம். வாய்க்கால் தகராறில் பக்கத்துக் காட்டு ராமையாதான் பூச்சிமருந்து கலந்தான் என்கிறாள். மகன் செல்வம் அரிவாள் தீட்டி வைத்திருக்கிறான்.

"ஒன் மிசினு சொல்லட்டும் தம்பி. அதுவரைக்கும் கைய வைக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

தொட்டித் தண்ணீர் ஒரு தகர டப்பாவில். நல்ல இறுக்கமான மூடி. வாங்கி வைத்தேன்.

6-8-86, புதன்

கரண்ட் ஒழுங்காக இருந்தது. கெமிஸ்ட் அம்மா தண்ணீரில் கலந்திருப்பதைப் பிரித்து, மிஷினுக்குள் ஊசியில் ஒரு துளி ஏற்றினார். உள்ளே சூட்டில் ஆவியாகும். கேஸ் தள்ளத் தள்ள நீளக் குழாய்க்குள் ஓடும். ஒவ்வொரு சரக்கும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். வந்ததும் பேனா காகிதத்தில் மேலே ஏறும். ஏறியது. நம் மலைக்கோட்டை மாதிரி. பூச்சிமருந்தேதான்.

அம்மா வேறெதுவும் சொல்லுமுன் அக்கா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஊரே கூடியது. "மிசினே நடுங்கிப்போச்சுப்பா, நாந்தேன் கட்டிப் பிடிச்சேன்" என்று ஒரு போடு போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. செல்வம் எழுந்து உள்ளே போனான். ராமையா ஒட்டன்சத்திரம் போயிருக்கிறான், வெள்ளிக்கிழமைதான் வருவான். நல்லவேளை.

7-8-86, வியாழன்

கெமிஸ்ட் அம்மா டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். "அண்ணே, இது என்ன டப்பா?"

அடியில் மண்டையோட்டுப் படம். மருந்து தீர்ந்த டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு, விதைக்கு வைத்துக்கொள்வது. எல்லா வீட்டிலும் உண்டு.

"எத்தனை தடவை கழுவினாலும் தகரத்துல மருந்து நிக்கும். இந்த ரிசல்ட் செல்லாது."

லேப் கண்ணாடி பாட்டிலோடு ஓடினேன். தொட்டியைச் சாக்குப் போட்டு மூடி அப்படியே வைத்திருந்தார்கள், சாட்சிக்கு. மொண்டு வந்தேன். சாயங்காலம் ஏற்றினார். பேனா ஏறவே இல்லை, நேர்கோடு. மறுபடியும் ஏற்றினார். நேர்கோடு.

"பசு எங்க மேஞ்சுச்சுன்னு கேளுங்கண்ணே."

கடைசி பஸ் போய்விட்டது.

8-8-86, வெள்ளி

விடியுமுன் ஊர். செல்வம் வாசற்படியில். மடியில் அரிவாள். டப்பா விஷயம் சொன்னேன். மேய்ச்சலைக் கேட்டேன்.

அக்கா யோசித்தாள். "கயித்த அத்துக்கிட்டு வாடுன சோளத்துக்குள்ள நின்னுச்சு. நாந்தேன் ஓட்டியாந்து தண்ணி காட்டுனேன்..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மழையில்லாமல் வாடிய சோளம் மாட்டுக்கு விஷம் என்று அவளுக்குத் தெரியாதா? கோபத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

செல்வம் அசையவில்லை. "முந்தாநாள் மிசினு நடுங்குச்சுன்னீங்க. இன்னிக்குக் கோடு படுத்துக்கிச்சுங்கிறீங்க. ஒங்க பேச்சுல எத மாமா நம்புறது?"

தொட்டியைப் பார்த்தேன்.

ராமையா வண்டிச் சத்தம் தெருமுனையில். செல்வம் எழுந்தான். நான் தொட்டிமேல் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டேன். தொட்டியில் இரண்டு கையும் விட்டு அள்ளிக் குடித்தேன். பாசி நாற்றம். மறுபடி அள்ளினேன்.

"ஏலே தம்பி!" என்று அக்கா கத்தினாள்.

"மாப்ள, நான் செத்தா அவன வெட்டு. அதுவரைக்கும் உக்காரு."

கை நடுங்கியது. மிஷின் இல்லை, நான்தான். செல்வம் உட்கார்ந்தான். வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

9-8-86, சனி

அக்கா வீட்டிலேயே விழித்தேன். வயிறு சுத்தம். காற்று குறைவு.

ராமையா பெண்சாதி, தொட்டித் தண்ணீர் சேதி கேட்டு, ஒரு செம்பு பால் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். அக்கா அந்தப் பாலில் காப்பி போட்டாள். மூன்று டம்ளர். யாரும் தொடவில்லை.

முதலில் நான் குடித்தேன். செத்த நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் செல்வம். பிறகு தன் டம்ளரை எடுத்தான்.