சீசனுக்கு வராதவர்

மேலகரம்
10 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசினால் நம் மகள் மீனா வந்து எட்டிப் பார்க்கிறாள், அதனால்தான் கடிதம்.

மார்கழியில் சிவந்து வீங்கிய அவள் விரல்கள் சித்திரை வெயிலில் ஆறியிருந்தன. சாரல் விழுந்ததிலிருந்து உங்கள் அம்மா அவளைத் தினமும் ஐந்தருவிக்கு இழுத்துப் போகிறார்கள். கேட்டால், "குத்தாலத் தண்ணிக்குப் போகாத நோவு எதுட்டி?" என்று என் வாயை அடைக்கிறார்கள். விரல்கள் இப்போது கருநீலம். நுனியில் புண்.

சென்னையிலிருந்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் படம் எடுத்துப் போனில் அனுப்பிவிட்டேன். நீங்கள் சிங்கப்பூரில் ஆராய்கிற சமாச்சாரம்தானாமே. பாடம் நடத்தாமல் எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

உமாதேவி

சிங்கப்பூர்
18 ஜூன் 2025

அன்புள்ள உமா,

டி.என்.ஏ. செல்லின் உட்கருவுக்குள் இருக்க வேண்டியது. வெளியே கிடந்தால் கிருமிதான் புகுந்துவிட்டது என்று செல்லுக்குக் காவல் நிற்கிற ஓர் ஏற்பி அபாயச் சங்கு ஊதும். யாருடைய டி.என்.ஏ. என்று அந்தக் காவல்காரன் விசாரிப்பதில்லை. சிதறிக் கிடக்கும் சொந்தத் துணுக்குகளைக் கரைக்கிற நொதி மீனாவுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் சங்கு ஓய்வதே இல்லை, வீக்கமும் வற்றுவதில்லை. பிறவியிலேயே வருவது. குளிர் பட்டால் இன்னும் மோசம். அருவி கூடவே கூடாது, விரல் நுனியே போய்விடும். மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசிவிட்டேன்.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். என் பெயரை இழுக்காதே.

முத்துகுமரன்

மேலகரம்
27 ஜூன் 2025

அத்தானுக்கு,

பக்குவமாகத்தான் சொன்னேன். சங்கு, காவல்காரன் எல்லாம் சொன்னேன். அத்தையின் பதில் இது: "ஏட்டி, உன் புருசனுக்கும் சின்னதுல இதே வெரலுதான். அருவியில நிப்பாட்டித்தான் சரியாக்குனேன். 'நல்லாயிட்டும்மா'ன்னு அவனே சொன்னாம்லா!"

எனக்கு உங்கள் விரல் ஞாபகம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, இடது சுண்டுவிரலில் நுனி இல்லாததற்கு, கதவில் நசுங்கியது என்றீர்களே; அத்தையும் இன்றுவரை அதையே நம்புகிறார்கள். கல்யாணமானதிலிருந்து சீசனுக்கு ஒருமுறைகூட ஊர்ப்பக்கம் வந்ததில்லை, கேட்டால் லீவு இல்லை. குளிரே இல்லாத ஊராகப் பார்த்துப் போய் உட்கார்ந்ததும் இதற்குத்தானா? அம்மா மனசு நோகக்கூடாது என்று சின்ன வயசில் 'நல்லாயிட்டு' என்று சொன்ன பொய்தான் இன்று மீனாவைத் தண்ணீரில் நிறுத்துகிறது. ஆத்திரமாக வருகிறது. அன்று அருவியில் அழுதுகொண்டு நின்றிருக்கும் அந்தச் சின்னப் பையனை நினைத்தால் அழுகையும் வருகிறது.

மீனாவை வடகரையில் என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். இனி எனக்கு விளக்கம் எழுத வேண்டாம். வந்து முதலில் அத்தையிடம் அந்த விரலைக் காட்டுங்கள். பிறகு மீனாவிடம். என்னிடம் கடைசியாகக் காட்டினால் போதும்.

சீசன் முடிந்தபின் வருவதாக இருந்தால், வரவே வேண்டாம்.

உமா