யன்னலால் நீட்டிய தண்ணீர்

தங்கச்சி,

உன் மகள் வீட்டில் இன்று காலை சரக்கு வறுத்தார்கள். மிளகும் மல்லியும் மஞ்சளும் கலந்த அந்தப் பிள்ளைப்பேற்று மணம், ஒழுங்கையால் போன என்னை உள்ளே இழுத்துவிட்டது. அவளுக்கு இது நிறைமாதம். எங்கே பெறுவது என்று பெரிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. மாமியார் வவுனியா என்கிறார், மருமகன் யாழ்ப்பாணம் என்கிறான். நான் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, அந்த ஊதாச் சோட்டிச் சட்டையோடு நீ வந்து நின்றாய்.

உன் மூத்தது வீட்டிலே பிறந்து, ஒழுங்காக அழாமலே போனது. உயிர் இருக்கும்போதே மருத்துவிச்சி தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்ததால் பிள்ளை நேரே மோட்சம் போனதென்று அம்மாவுக்கு ஆறுதல். உனக்கு அது போதவில்லை. அடுத்ததை மன்னார் ஆஸ்பத்திரியில்தான் பெறுவேன் என்று நீ சொன்னபோது அம்மா போட்ட சத்தம் இராமேஸ்வரத்துக்கும் கேட்டிருக்கும்.

"ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் அங்க ஆரடி தண்ணி வார்க்கிறது?"

"நீங்கள் சாகிற பிள்ளையை யோசிக்கிறீங்கள் அம்மா. நான் இருக்கப்போற பிள்ளையை யோசிக்கிறன்."

அம்மா சம்மதிக்கவில்லை. அப்போதுதான் நான் எழுந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் வேதத்தில் நான் பாதிக் குருவானவர் அல்லவா! அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சுவாமியாரிடம் கேட்டறிந்து, வார்த்தைகளைப் பாடமாக்கி, சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து, "நான் வார்க்கிறன்" என்றேன்.

"அண்ணா, உங்களுக்குச் செபமாலையே முழுக்கத் தெரியாது" என்று சிரித்தாய். ஆனால் அம்மா அடங்கிவிட்டார். நீ நினைத்த இடத்துக்குப் போனது என் போத்தலால்தான்.

மச்சான் கடலில் நின்றதால் மீன் லொறியில் நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். கடலோரம் வெள்ளையாய் மினுங்கிக் கிடந்தது. பூநாரைகள் எழும்பி நின்று எங்களுக்கு வழிவிட்டன. பட்டணத்துக் கழுதைகள்கூட மரியாதையாய் ஒதுங்கின. நீ பனைகளைப் பார்த்தபடி, நித்திரையில் போகிறவளைப்போல வந்தாய்.

பிள்ளை பிறந்தது, சத்தம் இல்லை. வெளி விறாந்தையில் நின்ற எனக்குக் கால்கள் தன்பாட்டில் நடந்தன. உன் கட்டிலுக்கு மேலே யன்னல் பாதி திறந்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு போத்தலை உள்ளே நீட்டினேன்.

"ஆரது யன்னலுக்குள்ள? கையை எடுங்கோ ஐயா!" என்று நேர்ஸ் கத்தினார். பிள்ளையின் முதுகில் தட்டுகிற சத்தமும் கேட்டது.

போத்தலைச் சரித்தால் மோட்சம் நிச்சயம். ஆனால் பிள்ளை போகிறதென்று நானே ஒப்புக்கொண்டதாகும். சரிக்காமல் விட்டு அது போய்விட்டால், அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அப்போது நீ சொன்னாய்:

"வார்க்காதேங்கோ அண்ணா. அது அழும்."

கத்தவில்லை. இனிச் சோறு போடாதேங்கோ, வயிறு நிறைஞ்சிட்டுது என்பதுபோலத்தான் சொன்னாய். என் கை அந்தரத்திலே நின்றது. நின்றது, நின்றது. கடலும் அலையடிக்காமல் நின்றது. பிறகு வந்ததே ஓர் அழுகை! பாலத்தடியில் வலை இழுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அந்தத் தண்ணீரை நானே ஒரே மூச்சில் குடித்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு தும்மல் தடிமன்கூட வந்ததில்லை.

கண் திறந்தபோது அந்த அழுகைக்காரி வயிற்றோடு என் முன்னால் நின்றாள்.

"அம்மா என்னைப் பெத்த இடத்திலதான் நானும். சொல்லிப்போட்டன். மாமா, நீங்கள் வாறீங்களோ? போத்தலும் வருமோ?"

"இல்லைப் பிள்ளை, வெறுங்கையோடதான் வாறன்."

நீ இல்லாவிட்டாலும் உன் ஒரு சொல் மட்டும் என்னோடு அந்த விறாந்தைக்கு வரும், தங்கச்சி. அது அழும்.