பயனிலை அத்தியாயம் என்னுடையது

இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். இன்று காலை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள புத்தகக் கடையில் உன் இலக்கணக் கையேட்டின் புதிய பதிப்பைப் பார்த்தேன். பசை வாசனைகூட இன்னும் போகவில்லை. முதல் பக்கத்தில் உன் படம், சுற்றிலும் கறுப்புக் கோடு. பயனிலை அத்தியாயத்தைப் புரட்டினேன். என் வாக்கியங்கள் அப்படியே இருந்தன. என் பெயர் இந்த முறையும் இல்லை.

எழுபதுகளில் நாம் இருவரும் டுடோரியலில் தமிழ் எடுத்தோம். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிய நெசவுக்காரர்கள்தான் பாதி வகுப்பு. பகலெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தால் தூங்கிப்போனார்கள். அதனால் நான் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்து வகுப்பையே நிற்க வைத்தேன். இந்தச் சுவரோரம் எழுவாய்கள், அந்தச் சுவரோரம் பயனிலைகள். 'வந்தேன்' என்கிறவர் 'நான்' எங்கே என்று தேடிப் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். திணை, பால், எண், இடம் நான்கும் ஒத்துவர வேண்டும். நீ வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாய். உனக்கு அன்று அது வேடிக்கைதான்.

ஒரு மாலை, தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வந்த ஒருவர், கல்யாணமானவர், 'வந்தது' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு நேராக 'அம்மா' பக்கத்தில் போய் நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னா நைனா, உங்கம்மாவ மாட்டோட சேத்துக் கட்டிட்ட?" என்றது. வகுப்பே சிரித்தது. அவர் முகம் சிவந்து, "எங்க வூட்ல அப்டிதான் பேசுவோம். வேணும்னா ஃபெயிலாக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

நான் ஓடிப்போய் நிறுத்தினேன். தெலுங்கில் ஒரு பெண் வந்தாலும் ஒரு பசு வந்தாலும் வினை ஒரே மாதிரி முடியும். அது அந்த மொழியின் ஒழுங்கு, அதில் அவமரியாதை இல்லை, பரீட்சைத் தாள் கேட்பது வேறு ஒழுங்கு, அவ்வளவுதான் என்றேன். அவர் திரும்பி வந்தார். அந்த வருடம் தேறவும் செய்தார்.

அன்று நீ சிரிக்கவில்லை. "டேய், இத அப்டியே எழுதிக் குடு. நான் நீட்டா பண்ணித் தரேன்" என்றாய். எழுதிக் கொடுத்தேன். புத்தகம் உன் பெயரில் வந்தது. சேவூருக்கு உன் வீடு தேடி வந்து கேட்டேன். "ரெண்டு பேரு போட்டா எவன் வாங்குவான்? பேஜார் பண்ணாதடா. அடுத்த வாட்டி போட்டுக்கலாம்" என்றாய்.

அந்த நூலைக் காட்டி நீ கல்லூரி வேலைக்குப் போனாய். பிறகு நானும் ஒரு நேர்காணலுக்குப் போனேன். நூல் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். உன் கையேட்டில் ஓர் அத்தியாயம் என்னுடையது என்றேன். கேள்வி கேட்ட மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிட்டது. டுடோரியலையும் மூடிவிட்டார்கள். இப்போது பட்டுக்கடையில் பில் போடுகிறேன். ஒருநாள் என்னைக் கண்டு நீ தெருவின் மறுபக்கம் போனதையும் பார்த்தேன்.

நீ இருந்தவரை உன்னை வெறுத்தேன். ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. அடுத்த பதிப்பில் ஒரு வரி போடுவாய் என்று ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கடைக்குப் போனேன். எடுத்தவனும் நீ, எனக்கிருந்த ஒரே சாட்சியும் நீ. இப்போது நான் சொல்வதை மெய்யென்று சொல்ல யாரும் இல்லை.

நேற்றுக் கடையில் ஒரு பெண், "பெரிம்மா வந்துகினு இருக்குது, இரு" என்று மகளிடம் சொன்னாள். அந்த 'இருக்குது'வில் பில் எழுதும் கை நின்றுவிட்டது. மனதுக்குள் அந்த விளக்கத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டேன். இன்னும் என்னிடம் மிஞ்சியிருப்பது அது மட்டும்தான். கேட்க ஒரு வகுப்பு இல்லை.

இதை உன் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். நான் வந்து பெயர் கேட்ட அன்று உன் மனைவி உள்ளே இருந்தார். அவர் காதில் விழுந்திருந்தால், எழுதியது யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விழாமல் இருந்திருந்தால், என் பெயரைப் பார்த்து, செத்தவனிடம் பங்கு கேட்க வந்தவன் என்றுதான் நினைப்பார். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.