ரசீதில் என் பெயர்

6 பிப்ரவரி 1986, வியாழன்
பனி. எட்டு மணிவரை மலையே தெரியவில்லை. சைக்கிள் பின் டயர் மாற்ற வேண்டும்.

எங்கள் வார்டில் தனம்மா சுயேச்சையாக நிற்கிறார். தையல் கடைக்காரர். குழாய்த் தண்ணீருக்காக மூன்று வருடமாக நகராட்சிக்கு மனுவோடு அலைந்தவர். என் பங்குக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தேன். ரசீது போடத் தயங்கினார்.

“பேப்பர்ல எழுதறவரு நீங்க, பாய். பேரு போட்டா வம்பாயிடாதா?”

“போடுங்கம்மா. மறைச்சுக் குடுத்தாதான் வம்பு.”

10, திங்கள்
நன்கொடையாளர் பெயர்களோடு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நான்காவது பெயர் என்னுடையது.

மதியம் மெடிக்கல் ஷாப் போனுக்கு வேலூரிலிருந்து டிரங்க் கால். எங்கள் பத்திரிகை ஆசிரியர் வரதன். எதிர் வேட்பாளர் புகார் கொடுத்திருக்கிறாராம்.

“பணத்தைத் திருப்பி வாங்கிடுங்க ஜலீல். தெரியாம குடுத்துட்டேன்னு ஒரு மன்னிப்பு லெட்டர் அனுப்புங்க.”

“தெரிஞ்சுதான் சார் குடுத்தேன்.”

“நிருபருக்குக் கட்சி கிடையாது.”

“ஓட்டு இருக்குதே சார்?”

வைத்துவிட்டார்.

பத்திரிகை முதலாளி தேர்தல் நிதி கொடுத்த படம் போன மாதம் முதல் பக்கத்திலேயே வந்தது. அவர் கொடுத்தால் பெருந்தன்மை. நான் கொடுத்தால் பாரபட்சம்!

11, செவ்வாய்
டயர் மாற்றியாச்சு. மனைவி மும்தாஜுக்கு இருமல் மருந்து. ரீபில் 2.

மும்தாஜ் சொன்னாள்: “குடுத்தது தப்புன்னு சொல்லலீங்க. அந்தம்மாவப் பத்தி இனிமே நீங்க எழுதினா எவன் நம்புவான்?”

நியாயமான கேள்வி. பேனாவில் புது ரீபில் போட்டேன். பிறகு வரதனுக்கு எழுதினேன். மன்னிப்பு கேட்க மாட்டேன். எங்கள் வார்டுச் செய்தி ஒவ்வொன்றின் கீழும், ‘இதை எழுதியவர் இந்த வேட்பாளருக்கு நன்கொடை அளித்தவர்’ என்று ஒரு வரி போடுங்கள். நம்புவதா வேண்டாமா என்று படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

14, வெள்ளி
வெயில் ஏறிவிட்டது. தொழுகை முடிந்து வந்தால், தனம்மா கடை வாசலில் பெண்கள் கூட்டம். அவருடைய தம்பி ஆளுக்கொரு ரவிக்கைத் துணி கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஓட்டுக்குத்தான். குறிப்பு நோட்டை எடுத்தேன். தனம்மா ஓடிவந்தார்.

“எனக்கே இப்பதான் தெரியும் பாய். எழுதாதீங்க. நீங்களும் நம்ம ஆளுதானே?”

“பணம் குடுத்தேம்மா. பேனாவைக் குடுக்கல.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் எழுதினேன். அந்த ஒரு வரியையும் கடைசியில் சேர்த்து, நாலு மணி வேலூர் பஸ்ஸில் கவரைக் கொடுத்தேன்.

16, ஞாயிறு
செய்தி வந்துவிட்டது. கடைசி வரியை வெட்டிவிட்டார்கள்.

டீக்கடையில் எதிர் வேட்பாளர் என் தோளைத் தட்டினார். “இதான் நடுநிலைமை! பாய்க்கு ஒரு டீ போடுப்பா.” என் டீக்கு நானே காசு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் தனம்மா. கையில் ஐம்பது ரூபாய்.

“துணியெல்லாம் வீடு வீடாப் போயி திருப்பி வாங்கிட்டேன். இதையும் நீங்க வாங்கிக்குங்க. வேலையாவது மிஞ்சும்.”

வாங்கவில்லை. அவர் செய்த காரியத்துக்குப் பிறகு மரியாதை ஜாஸ்திதான் ஆனது, கம்மியாகவில்லை.

17, திங்கள்
வரதன் மறுபடியும் போன். குரலில் தேன். “செய்தி பிரமாதம். அந்த லெட்டர் மட்டும் வந்துட்டா எல்லாம் முடிஞ்சுது.”

“அந்த ஒரு வரியைப் போடுங்க சார். அப்பவும் முடிஞ்சுடும்.”

“பிடிவாதம் பண்ணா பிரஸ் கார்டைத் திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்.”

அனுப்பிவிட்டேன். ரிஜிஸ்டர் தபால். பதினோரு வருட வேலை. மும்தாஜ் திட்டவில்லை. ரசம் மட்டும் உப்பு. இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

27, வியாழன்
தனம்மா தோற்றுவிட்டார். ரவிக்கைத் துணிச் செய்திதான் காரணம் என்று அவருடைய தம்பி தெருவில் கத்திவிட்டுப் போனான். இருக்கலாம். திரும்ப எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். திரும்பக் கேட்டாலும் ஐம்பது ரூபாய் கொடுப்பேன்.

காலையில் தனம்மாவே வந்து வாசலில் நின்றார். “தோத்தா தாகம் எடுக்காதா பாய்? மனு குடுக்கப் போறோம். வர்றீங்களா?”

போனேன். இருபது பெண்கள், நான். நகராட்சி ஆபீஸ் கிளார்க் என்னை மட்டும் ஒதுக்கி நாற்காலியைக் காட்டினார்.

“பிரஸ் இப்படி உக்காருங்க.”

“பிரஸ் இல்லீங்க. நானும் அவங்க தெருதான்,” என்றேன். வரிசையில் போய் நின்றேன்.